இயக்குநர் குழுவின் ஆண்டுத் திட்டக் கூட்டம்: உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு ஓர் அறிமுகம்

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்பது உழவர்களே பங்குதாரர்களாக இருந்து, தங்கள் விளைச்சலைச் சேர்த்து விற்கும் கம்பெனி. 2002-ல் கம்பெனிகள் சட்டத்தில் இதற்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. இப்போது அது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் இருக்கிறது. ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு ஒரே ஓட்டு. நடத்துவது இயக்குநர் குழு: குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 15 பேர். அன்றாட வேலைக்கு முழுநேர முதன்மைச் செயல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். ஊரில் எல்லாரும் அவரை சி.இ.ஓ. என்றே சொல்வார்கள், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இயக்குநர் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, ஆண்டுக்கு நான்கு முறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். குறைந்தது 7 நாள் முன்னதாக சி.இ.ஓ. அறிவிப்பு அனுப்ப வேண்டும். மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கினர், எப்படியும் மூன்று பேருக்குக் குறையாமல், வந்திருந்தால் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை, ஆகிவிடும். அதாவது 10 பேர் கொண்ட குழுவில் 4 பேர் உட்கார்ந்து போடும் தீர்மானம் செல்லும். சட்டத்துக்கு அது போதும். ஆனால் வராத 6 பேரின் ஊரிலிருந்து ஒரு மூட்டைகூட வராது.

திட்டக் கூட்டம் என்று தனியாக ஒன்று தேவைப்படுவது இதனால்தான். வழக்கமான கூட்டத்தில் வரவு செலவு, வங்கிக் கையெழுத்து, அரசுத் திட்ட விண்ணப்பம் என்று நேரம் போய்விடும். வரும் பருவத்தில் என்ன வாங்குகிறோம், எவ்வளவு, யார் பொறுப்பு, பணம் எங்கிருந்து என்பதை எல்லா இயக்குநர்களும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேச வேண்டும். நம்பிக்கை, கூட்டுப் பொறுப்பு என்று பயிற்சிகளில் சொல்வதெல்லாம் இந்த ஒரு நாளில்தான் கட்டப்படுகிறது. கெடுவதும் இதே நாளில்தான்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பெரம்பலூர் மாவட்டத்தின் கரிசல் காட்டில் மானாவாரி மக்காச்சோளம் வாங்கி நாமக்கல் கோழித்தீவன ஆலைகளுக்கு விற்கும் ஒரு நிறுவனம். 600 பங்குதாரர்கள், 10 ஊர்கள், ஊருக்கு ஓர் இயக்குநர். இனி வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை உங்கள் பேரேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது, எங்கே

மக்காச்சோளம் ஆவணி, புரட்டாசியில் விதைத்துத் தை மாசியில் வீட்டுக்கு வரும். திட்டக் கூட்டத்தை ஆடியில் வைக்க வேண்டும். உள்ளூர் வியாபாரி விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுப்பது விதைப்புக்கு முன்னால். அதை வாங்கியவரின் சோளம் தையில் அவர் கடைக்குத்தான் போகும். மார்கழியில் திட்டம் போடும் நிறுவனம் ஏற்கெனவே விற்றுப்போன சோளத்துக்குத் திட்டம் போடுகிறது. ஆடியில் இன்னொரு வசதியும் உண்டு: மார்ச்சில் முடிந்த ஆண்டின் கணக்கு தயாராக இருக்கும், செப்டம்பருக்குள் கூட்டும் பொதுக்குழுவுக்கு முன்னால் இயக்குநர்கள் ஒரே பேச்சுக்கு வந்துவிடலாம்.

இடம் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அப்படி இல்லை. தலைவர் வீட்டில் வைத்தால் மற்ற ஒன்பது பேரும் விருந்தாளிகள். சாப்பாடு போட்டவரை எதிர்த்துப் பேச நாக்கு எழாது. சில ஊர்களில் சில வீடுகளின் திண்ணை வரைதான் சிலரால் வர முடியும் என்பதும் உள்ளதுதான். அதைத் தெரியாததுபோல் இருந்துவிட்டு உள்ளே நம்பிக்கை பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை. பள்ளிக்கூடம், ஊராட்சிக் கட்டடம், வேளாண் விரிவாக்க மையம் என்று யாருக்கும் சொந்தமில்லாத இடமாகப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி நாற்காலி, இல்லையென்றால் எல்லாரும் ஜமுக்காளத்தில். வட்டமாக உட்காருங்கள். வரிசை போட்டால் பெண் இயக்குநர்கள் கடைசி வரிசைக்குப் போய்விடுவார்கள்.

பெண் இயக்குநருக்குப் பதில் அவருடைய கணவர் வந்து உட்காருவது பல இடங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. இயக்குநர் கூட்டத்தில் பதிலாள் என்ற ஏற்பாடே கிடையாது. வாசலில் வைத்துச் சங்கடப்படுத்தாமல் அழைப்புக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது: "அண்ணே, அக்காவைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போங்க, நாலு மணிக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போகலாம்."

முந்தைய வாரம்

சி.இ.ஓ. 10 இயக்குநர்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். போன் போதாது. ஒருவருக்கு அரை மணி நேரம், எல்லாரிடமும் அதே மூன்று கேள்விகள்: போன வருஷம் எது தப்பாப் போச்சு? இந்த வருஷம் எதைக் கட்டாயம் பேசணும்? கூட்டத்தில் சொல்லத் தயங்குற விஷயம் ஏதாவது இருக்கா? மூன்றாவதற்கு வரும் பதில்தான் கூட்டத்தின் உண்மையான நிகழ்ச்சி நிரல். "போன வருஷம் அவங்க ஊர் சோளத்தை முதல்ல எடுத்தீங்க, எங்க ஊருக்கு லாரி வர்றதுக்குள்ள விலை எறங்கிப்போச்சு" என்று ஐந்து பேர் சொன்னால், 'கொள்முதல் வரிசை' என்று ஒரு தலைப்பு நிரலில் ஏற வேண்டும். யார் சொன்னார் என்பது ஏறக் கூடாது. ஏறினால் அடுத்த ஆண்டு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நிரலில் ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் தகவலுக்கு, பேச, முடிவுக்கு என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். ஒரு நாளுக்கு 'முடிவுக்கு' என்று நான்கு தலைப்புக்கு மேல் வேண்டாம். கூடவே ஒரே ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் கணக்கு: வங்கியில் இருக்கும் பணம், கையிருப்புச் சரக்கு, வரவேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி, போன ஆண்டு சொன்ன கொள்முதலும் நடந்த கொள்முதலும். 20 பக்கத் தணிக்கை அறிக்கையைக் கையில் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள், படித்ததுபோல் தலையாட்டுவார்கள். அதிலிருந்துதான் "நம்மகிட்ட எதையோ மறைக்கிறாங்க" என்ற எண்ணம் தொடங்கும்.

அன்று காலை: பாக்கியும் பழைய வாக்கும்

10 மணிக்குத் தொடங்கினால் முதல் ஒரு மணி நேரம் பழைய கதைக்கு. போன ஆண்டுத் தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசித்து ஆனது, ஆகவில்லை, பாதி என்று மட்டும் குறியுங்கள். ஏன் ஆகவில்லை என்று அப்போதே இறங்கினால் காலை முழுக்கச் சண்டையிலேயே கழியும்.

அடுத்து பாக்கி. உரம், விதை கடனுக்கு வாங்கிக் கட்டாதவர் பட்டியலை வாசிக்கும்போது இயக்குநர்களின் பாக்கியை முதலில் வாசிக்க வேண்டும், தலைவருடையதையும் சேர்த்து. நிறுவனத்திடம் வாங்கிய கடனையோ முன்பணத்தையோ தவணை தவறவிட்ட இயக்குநரின் பதவியே காலியாகும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் யாரும் அந்த அளவுக்குப் போக விரும்புவதில்லை. ஆனால் தலைவரின் 18,000 ரூபாய் பாக்கியை விட்டுவிட்டு ஒரு சிறு உழவரின் 900 ரூபாயை வாசித்த அறையில் அதற்குப் பிறகு என்ன பேசினாலும் எடுபடாது. முன்கூட்டியே தலைவரைத் தனியாகப் பார்த்து, "ஐயா, நாளைக்கு உங்க பேரும் வரும், முடிஞ்சா கட்டிட்டு வந்துடுங்க" என்று சொல்வது சி.இ.ஓ.வின் வேலை. பெரும்பாலும் கட்டிவிடுவார்கள்.

துண்டுச் சீட்டு

கூட்டத்தின் நடு முடிச்சு இதுதான். "இந்த வருஷம் உங்க ஊர்ல இருந்து எத்தனை மூட்டை?" என்று வாய்மொழியாகக் கேட்டால் முதலில் பேசுபவர் 300 என்பார். அடுத்தவருக்கு 250 என்று சொல்ல மனசு வராது, 350 என்பார். தலைவர் முறை வரும்போது அது 500 ஆகியிருக்கும். இதில் யாரும் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை, ஊர் மானம் பேசுகிறது, அவ்வளவுதான். எனவே யாரும் பேசுவதற்கு முன் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து நான்கு எண்களை எழுதச் சொல்லுங்கள்: எத்தனை உழவர்களிடம் நேரில் பேசினேன், அவர்கள் எத்தனை ஏக்கர் போடுகிறார்கள், அதில் வியாபாரியிடம் முன்பணம் வாங்காத ஏக்கர் எத்தனை, நான் பொறுப்பேற்கும் மூட்டை எத்தனை. எழுதத் தயங்குபவருக்குக் கணக்கர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கலாம்.

மூன்றாவது எண்தான் மற்ற மூன்றையும் சோதிக்கும் எண். மானாவாரியில் ஏக்கருக்கு 100 கிலோ மூட்டை 20 என்று வைத்தால், 400 மூட்டை சொல்பவரிடம் முன்பணம் வாங்காத ஏக்கர் 20 இருக்க வேண்டும். 8 ஏக்கர்தான் என்றால் அவருடைய எண் 160. இதை அவரே சீட்டில் பார்த்துத் திருத்திக்கொள்வார். மற்றவர் சொல்லித் திருத்தினால் அது அவமானமாகிவிடும்.

சீட்டுகளைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்திலேயே போன ஆண்டு சொன்னதையும் கொடுத்ததையும் எழுதுங்கள். 400 சொல்லி 120 கொடுத்தவரும் 100 சொல்லி 110 கொடுத்தவரும் எல்லார் கண்ணுக்கும் தெரிவார்கள். கருத்து சொல்ல வேண்டியதே இல்லை. ஒருவரை நம்புவதில் இரண்டு பாகம் உண்டு: இவர் ஏமாற்ற மாட்டார் என்பது ஒன்று, இவர் சொன்னால் சொன்னபடி நடக்கும் என்பது மற்றது. முதலாவது நம் ஊர்களில் ஓரளவு ஏற்கெனவே இருக்கிறது, பெரும்பாலான நிறுவனங்கள் தடுக்கி விழுவது இரண்டாவதில்தான். சிறியதாகச் சொல்லி அதைச் செய்து முடிக்கும் ஆண்டுகள் இரண்டு மூன்று சேர்ந்தால்தான் அது வரும்.

பணக் கணக்கு

திருத்திய பிறகும் கூட்டுத்தொகை 3,000 மூட்டை என்று வைத்துக்கொள்வோம். 20 டன் லாரிக்கு 200 மூட்டை. 3,000 என்றால் 15 லோடு. குவிண்டால் (100 கிலோ, அதாவது ஒரு மூட்டை) 2,200 ரூபாய் என்றால் ஒரு லோடுக்கு 4,40,000 ரூபாய். உழவருக்கு எடை போட்ட அன்றே பணம் வேண்டும். ஆலை இரண்டு வாரம் கழித்துத் தரும்.

இப்போது கையில் என்ன இருக்கிறது? 600 பேரின் பங்கு ஆளுக்கு 1,000 வீதம் 6 லட்சம், அதற்கு இணையாக அரசிடமிருந்து கிடைத்த பங்கு மானியம் 6 லட்சம். இதில் 3 லட்சம் உரச் சரக்கில் முடங்கியிருக்கிறது. மிச்சம் 9 லட்சம். இரண்டு லோடு வாங்கினால் 8,80,000 போய்விடும். சாக்குக்கும் ஏற்றுக்கூலிக்கும் 20,000 நிற்கும். முதல் லோடின் பணம் வந்தால்தான் மூன்றாவது. ஆக வாரம் ஒரு லோடு, எட்டு வாரப் பருவத்தில் 8 லோடு, 1,600 மூட்டை.

ஊர்கள் தரத் தயாராக இருப்பது 3,000, பணம் வாங்கக்கூடியது 1,600. இந்தக் கணக்கைப் பலகையில் எல்லாரும் பார்க்கப் போட வேண்டும், முடிந்தால் சி.இ.ஓ. போடாமல் ஓர் இயக்குநரையே போட வையுங்கள். தையில் பணம் தீர்ந்து உழவரைத் திருப்பி அனுப்பும்போது வரும் "சி.இ.ஓ. சரியில்லை" என்ற பேச்சு ஆடியிலேயே தேவையில்லாமல் போகும். வழிகள் மூன்று: 9, 10 லட்சம் கடன் வாங்கி வாரம் இரண்டு லோடு எடுப்பது, இலக்கை 1,600-க்குக் குறைப்பது, சம்மதிக்கும் உழவருக்குப் பாதிப் பணம் உடனே, மீதி ஆலை கொடுத்ததும் என்று எழுதிக் கொடுப்பது. எதை எடுப்பது என்பது உங்கள் குழுவின் துணிச்சலைப் பொறுத்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் இலக்கைக் குறைப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

இன்னொரு கணக்கும் இங்கேயே வர வேண்டும். 2020-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் சேர்ந்த ஒரு நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 18 லட்சம் வரை நிர்வாகச் செலவுக்குக் கிடைக்கும், சி.இ.ஓ. சம்பளமும் அதில் வரும். அதற்குப் பிறகு அந்தச் சம்பளத்தை நிறுவனமே சம்பாதிக்க வேண்டும். செலவு போக மூட்டைக்கு 40 ரூபாய் நிற்கிறது என்றால் 1,600 மூட்டைக்கு 64,000. மாதம் 25,000 சம்பளம் என்றால் ஆண்டுக்கு 3 லட்சம். மக்காச்சோளம் மட்டும் சி.இ.ஓ.வைக் காப்பாற்றாது என்பது இரண்டு வரியில் தெரிந்துவிடும். இதை மூன்றாம் ஆண்டு முடிவில் கண்டுபிடிக்கும் நிறுவனங்கள் அதற்குப் பிறகு பெயர்ப்பலகையாகவே நின்றுவிடுகின்றன.

மதியம்: எங்கே உடையும்?

சாப்பிட்ட பிறகு மறுபடி சீட்டு. "அடுத்த மாசி. நம்ம திட்டம் படுத்துப்போச்சு. எதனால?" என்ற ஒரே கேள்விக்கு ஆளுக்கு ஒரு காரணம், பெயர் போடாமல். நேரடியாக "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டால் அறை அமைதியாக இருக்கும், அந்த அமைதியைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் மறுநாள் டீக்கடையில் இன்னொரு கூட்டம் நடக்கும். சீட்டில் வருபவை வேறு மாதிரி இருக்கும்: மக்காச்சோளத்தைத் தின்று அழிக்கும் படைப்புழு (2018-ல் பட்டவர்கள் மறக்கவில்லை), வியாபாரி விலையை 50 ரூபாய் ஏற்றிக் காட்டுவது, எடைக் கல், ஈரப்பத மீட்டர்.

ஈரப்பதத்தைக் கொஞ்சம் பார்ப்போம். தீவன ஆலை 14 சதவீதம் வரை ஏற்கும். மேலே போனால் எடையில் கழிக்கும், அல்லது லோடையே திருப்பும். ஊரில் மீட்டர் 14 காட்டி ஆலையில் 16 காட்டினால் அந்தக் கழிவை யார் ஏற்பது? இதை முன்பே முடிவு செய்யாவிட்டால் உழவர் நிறுவனத்தைத் திருடன் என்பார், நிறுவனம் உழவரை ஏமாற்றுக்காரர் என்னும். கூட்டத்தில் எடுக்கும் முடிவு இந்த அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும்: களத்திலேயே உழவர் பார்க்க மூன்று சாக்கில் மாதிரி எடுத்து அளப்பது, அந்த எண்ணை ரசீதில் எழுதுவது, ஆலையில் கூடினால் ஒரு சதவீதம் வரை நிறுவனம் ஏற்பது, அதற்கு மேல் அந்த லோடில் சேர்ந்த எல்லாரும் மூட்டைக் கணக்கில் பகிர்வது, பருவத்துக்கு முன் மீட்டரை ஆலையின் மீட்டரோடு ஒத்துப் பார்ப்பது.

கொள்முதல் வரிசையும் அப்படித்தான். 3,000-க்கு 1,600 என்றால் 400 சொன்ன ஊருக்கு 213 வரும். இந்த விகிதத்தை எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி போடுங்கள். எந்த ஊருக்கு முதல் லாரி என்பதற்குச் சீட்டுக் குலுக்குங்கள், வந்தவர்களில் இளையவர் எடுக்கட்டும். சி.இ.ஓ. 'நியாயமாக' வரிசை போட்டால் அது எவ்வளவு நியாயமாக இருந்தாலும் சந்தேகம் வரும்.

பேசும் முறையில் ஒரே ஒரு விதி போதும்: தலைவர் கடைசியில் பேச வேண்டும். முதலில் அவர் கருத்து சொல்லிவிட்டால் மீதி ஒன்பதும் அதற்கு ஒத்து ஊதுவதாகவே இருக்கும். வட்டமாக ஒருவர் பின் ஒருவர், ஆளுக்கு இரண்டு நிமிடம், புதியவரிடமிருந்து தொடங்குங்கள். அதிகாரிகள் வந்திருந்தால் காலையிலேயே வாழ்த்திப் பேசி விடைபெறுவது எல்லாருக்கும் நல்லது. அவர்கள் இருக்கும்வரை பேச்சு முழுக்க மானியத்தைச் சுற்றியே இருக்கும்.

முடிவெடுக்கும்போது கை தூக்கச் சொல்வதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: "உங்களுக்குப் பிடிச்சிருக்கா, பிடிக்கலேன்னாலும் ஊர்ல இதையே சொல்வீங்களா, இல்ல சொல்ல முடியாதா?" இரண்டாவது பதில் போதுமானது. மூன்றாவது வந்தால் நிறுத்தி, "எதை மாத்தினா சொல்லுவீங்க?" என்று கேட்டு எழுதுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு தேதியோ எண்ணோதான் இடிக்கும்.

எழுதி, வாசித்து, கையெழுத்து

தீர்மானப் புத்தகத்தில் நடக்கும் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வந்ததும் வெற்றுப் பக்கத்தில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பிறகு ஆபீசில் எழுதுவது. அவசரத்துக்கு வங்கி கேட்டது என்று தொடங்குவார்கள். ஒரு நாள் தனக்குத் தெரியாத கடன் தீர்மானத்தில் தன் கையெழுத்தைப் பார்க்கும் இயக்குநர் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் மனசோடு வர மாட்டார். வருகைக் கையெழுத்தைத் தனிப் பதிவேட்டில் வாங்குங்கள். தீர்மானங்களை அங்கேயே தமிழில் எழுதி, மூன்றரை மணிக்கு உரக்க வாசித்து, திருத்தி, மீதி வெற்றிடத்தில் குறுக்குக் கோடு இழுத்து, அதன்பிறகு கையெழுத்து. நான்கு மணிக்கு எல்லாரும் பஸ்ஸைப் பார்ப்பார்கள். எனவே புதுத் தலைப்பு எதையும் மூன்று மணிக்கு மேல் எடுக்காதீர்கள்.

ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கீழே ஒரு பெயர், ஒரு தேதி. "இயக்குநர்கள் உறுப்பினர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்று எழுதினால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். யார், எந்த ஊரில், முன்பணம் வாங்காத எத்தனை உழவர்களை, எந்தத் தேதிக்குள் பார்ப்பார் என்று இருக்க வேண்டும். கூடவே, முடியாமல் போகும் என்று தெரிந்தால் எத்தனை நாள் முன்னதாக யாரிடம் சொல்வார் என்பதும். முன்கூட்டிச் சொன்ன தவறுதலுக்கு ஏச்சு இல்லை என்பதைத் தலைவர் எல்லார் முன்னாலும் சொல்லி, அதையும் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும்.

வராத இயக்குநர் இருந்தால் தீர்மான நகலை வாட்ஸப்பில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். பக்கத்து ஊர் இயக்குநரும் சி.இ.ஓ.வும் இரண்டு நாளுக்குள் அவர் வீட்டுக்குப் போய், நகலை வாசித்துக் காட்டி, அவருடைய துண்டுச் சீட்டையும் வாங்கி வர வேண்டும். அவர் ஊருக்கான எண் மாறினால் பலகைக் கணக்கு மாறும். மாறிய கணக்கை மறுபடி பத்துப் பேருக்கும் அனுப்புங்கள். முப்பதாம் நாள் சி.இ.ஓ. ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, புத்தகத்தில் இருக்கும் அவருடைய வரியை அப்படியே வாசித்து, "இது எந்த அளவுல இருக்கு?" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். ஐப்பசியில் வரும் அடுத்த இயக்குநர் கூட்டத்தில் முதல் கால் மணி நேரம் அந்தக் குறிப்பை வாசிப்பதற்கு.